பழைய கொப்பியும் மூன்று மாஸ்டர்களும்: மட்டக்களப்புச் சதுரங்கக்காரர் ஒருவரைத் தேடிய கதை

புளியந்தீவில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் தகப்பனாரின் பெட்டியை ஒதுக்கியபோது தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று அகப்பட்டது. பழுப்புக் கடதாசி உறை போட்டு, மூலைகளைக் கோதுமைமாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். உள்ளே பக்கம் பக்கமாகச் சதுரங்க ஆட்டங்கள். நான் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் அதை என்னிடம் கொண்டுவந்தார். "சின்ன வயசில எனக்கு ஆட்டம் காட்டித் தந்த செஸ் மாஸ்டர்ர கொப்பி. பார்த்துட்டுத் தாறன் எண்டு வாங்கினது, திருப்பிக் குடுக்கவே இல்ல" என்றார். மாஸ்டரின் பெயர் அவருக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். கொப்பியின் முதல் பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் "கே." என்ற முதலெழுத்தும் ஒரு பெயரும் இருந்தன. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஊர் அழைத்தபடியே மாஸ்டர் என்கிறேன்.

1952 முதல் 1989 வரை நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் திகதி, எதிராளியின் முதலெழுத்து, ஊரின் சுருக்கம். இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த ஒருவரை ஊரில் இத்தனை பேருக்குத் தெரியாமல் போனது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அதனால்தான் தேடத் தொடங்கினேன்.

உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே 1924ல் பாரிசில் தொடங்கியது. ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் அளக்கும் எலோ தரப்புள்ளி முறையை அது ஏற்றுக்கொண்டது 1970ல். முதல் பட்டியல் அடுத்த வருடம் வந்தது. ஆனால் 1993 வரை ஆண்களில் 2200 புள்ளிக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மாலையில் வேலை முடிந்து வந்து ஆடுகிற ஒருவரை அதில் தேடிப் பிரயோசனமில்லை. 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரித்தானியச் சாம்பியனான மீர் சுல்தான் கானுக்கே கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் 2024ல்தான் கிடைத்தது. அவர் இறந்தது 1966ல். ஆகவே எங்கள் மாஸ்டரைப் பட்டியலில் தேடவில்லை. கொப்பியிலும் பதிவேடுகளிலும் ஆட்களின் வாயிலும் தேடினேன்.

கொப்பி சொன்னவை

எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் கொப்பி தன்னைப் பற்றி நிறையச் சொன்னது. முதலில் கண்ணில் பட்டது ஈரக்கறை. ஒரு கட்டம் வரைக்கும் ஊற்றுப்பேனை மை, எழுத்துகள் நீலமாகக் கலங்கி, பக்கத்துக்குப் பக்கம் ஊறியிருந்தன. அதற்குப் பிறகு வரும் பக்கங்களும் அலை அலையாகச் சுருங்கியவைதான், ஆனால் அவற்றில் எழுத்து போல்பொயின்ற் பேனையில், கொஞ்சமும் கலங்காமல் இருந்தது. விரலால் தடவினால் பேனை முனை சுருக்கத்தின் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிய தடம் தெரியும். அதாவது கொப்பி நனைந்து, காய்ந்து, சுருங்கிய பிறகுதான் அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டன. கலங்கிய கடைசி ஆட்டத்தின் திகதி 12-11-78. கலங்காத முதல் ஆட்டம் 14-1-79. இரண்டிலும் ஊர் "மட்." என்றிருக்கிறது. இடையில் நடந்தது எதுவென்று மட்டக்களப்பில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. கூரைகள் பறந்து, தென்னைகள் வரிசையாக முறிந்த இரவு. திகதிகள் பிறகு சேர்க்கப்பட்டவையோ என்று எனக்கிருந்த சந்தேகம் அந்தக் கறையோடு போனது.

அடுத்தது குறியீடு. இன்றைய பிள்ளைகள் "இ4" என்று எழுதுவதை அந்தக்கால ஆங்கிலப் புத்தகங்கள் "பி–கே4" என்று எழுதும். ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் நாலாவது கட்டத்துக்குப் போனது என்று பொருள். குதிரைக்குப் பழைய பிரித்தானியப் புத்தகங்களில் "கேடி" என்று இரண்டெழுத்து, அமெரிக்கப் புத்தகங்களில் "என்" என்று ஓரெழுத்து. மாஸ்டர் 1952லிருந்து "கேடி" என்றே எழுதி வந்தவர், 1973 நடுப்பகுதியில் ஒரே பக்கத்தில் "என்" என்று மாறிவிடுகிறார். அதே பக்கத்தில் அவருடைய ஆட்டமும் மாறுகிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு இதுவே சாட்சியாக வந்தது. வெள்ளைக்காய் கிடைத்தால் மாஸ்டர் எப்போதும் ரூய் லோபஸ் என்ற தொடக்கத்தை ஆடுவார். நாலாவது நகர்வில் பிஷப்பால் குதிரையை வெட்டிவிடுவார். முதல் இருபது வருடமும் அதற்கடுத்து ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, சீக்கிரமே இரண்டு ராணிகளையும் பலகையிலிருந்து இறக்கிவிடுவார். 1914ல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் லாஸ்கர் கப்பபிளாங்காவை வென்றது அந்த வழியில்தான். 1973லிருந்து ஐந்தாவது நகர்வில் சிப்பாயைத் தள்ளாமல் முதலில் கோட்டை கட்டுகிறார். அது பொபி ஃபிஷர் 1966 ஹவானா ஒலிம்பியாட்டில் உயிர்ப்பித்த வழி. 1972ல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியோடு ஆடிய பதினாறாவது ஆட்டத்திலும் அதைத்தான் ஆடினார். குறியீடும் ஆட்டமும் ஒரே நாளில் மாறியதை வைத்துப் பார்த்தால், அந்த உலகப் போட்டியைப் பற்றி அமெரிக்காவில் அச்சான புத்தகம் ஏதோ 1973ல் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆரம்பப் பக்கங்களில் ஓர் ஆட்டம், பதினேழே நகர்வு, ராணியைப் பலிகொடுத்துத் தேரால் மாத்து. பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. அன்றிரவே கணினித் தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். 1858ல் பாரிஸ் ஒப்பரா அரங்கில் மோர்ஃபி ஆடியது! மாஸ்டர் படிப்பதற்காகப் பிரதி பண்ணி வைத்திருக்கிறார். இப்படியான கொப்பிகளில் சொந்த ஆட்டமும் பிரதியும் கலந்தே கிடக்கும். அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்தையும் தரவுத்தளத்தில் தட்டிப் பார்த்த பிறகே மாஸ்டரின் கணக்கில் சேர்த்தேன். பதினொரு ஆட்டங்கள் பிரதிகள் என்று கழிந்தன. மிஞ்சியவை பெரும்பாலும் நீளமான, பொறுமையான இறுதியாட்டங்கள். ஒரு சிப்பாய் மிச்சத்தை அறுபது நகர்வு வரை இழுத்து வெல்கிற ஆள் அவர். எனக்கு அந்த மோர்ஃபி ஆட்டத்தை விட இவைதான் பிடித்தன.

பிழையான மாஸ்டர்

பெயரைத் தேடப் போன இடத்தில்தான் நான் வழுக்கினேன். தமிழில் முதலெழுத்து என்பது தகப்பனின் பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கணபதிப்பிள்ளை என்ற பெயரை எடுங்கள்: பழைய பள்ளிக்கூட இடாப்பில் "சீ" என்ற எழுத்தில் தொடங்கும், பிறகு வந்த கடிதத்தில் "கே" என்று வரும், இன்னொரு கந்தோரில் "ஜீ" என்றுகூட இருக்கும். ஒரே மனிதர் மூன்று பேராகத் தெரிவார். மூன்று பேர் ஒருவராகவும் தெரிவார்கள்.

நண்பர் "மாஸ்டர்" என்று சொன்னதால் நான் வாத்தியார் என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் மாஸ்டர் என்றால் வேறென்ன நினைப்பது? பழைய பள்ளிக்கூட மலர்களைப் புரட்டினேன். ஐம்பதுகளின் மலர் ஒன்றில் அதே பெயர், முதலெழுத்து "சீ", படத்தின் கீழே சதுரங்கக் கழகப் பொறுப்பாசிரியர் என்றிருந்தது. இனி என்ன வேண்டும்? அவருடைய மகனைத் தேடிப் போய்க் கொப்பியைக் காட்டினேன். அறுபதைத் தாண்டிய மனிதர், கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார்.

கையெழுத்தை ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. அதே பள்ளிக்கூடத்தின் பழைய வரவு இடாப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. 1958 மார்ச் மாதம் முழுக்க அந்த ஆசிரியர் ஒரு நாள்கூடத் தவறாமல் ஒப்பமிட்டிருக்கிறார். கொப்பியைத் திறந்தேன். 1958 மார்ச் 4, 5, 6, அதாவது செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் ஒவ்வோர் ஆட்டம், ஊர் "பது." என்றிருக்கிறது. பகல் முழுக்க மட்டக்களப்பில் படிப்பித்துவிட்டு அந்தியில் பதுளையில் ஆட முடியாது, அதுவும் மூன்று நாள் தொடர்ந்து. கையெழுத்தும் வேறுதான்.

அந்த மகனிடம் திரும்பிப் போய் இதைச் சொல்வது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எங்கட அப்பாட பேரில கல்லடிப் பக்கம் இன்னொரு ஆள் இருந்தவர். போஸ்ட் மாஸ்டர். வெளிநாட்டு முத்திரை ஒட்டின காட் நாலஞ்சு பிழையா எங்கட வீட்டுக்கு வந்திருக்கு. நான்தான் சைக்கிளில கொண்டுபோய்க் குடுத்த."

செஸ் மாஸ்டர், படிப்பித்த மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் பிழையான வளவுக்குள் நின்றிருக்கிறேன். கொப்பியில் நாலைந்து வருடத்துக்கொருமுறை ஊர் மாறுவதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. தபால் கந்தோர் வேலையில் இடமாற்றம் வரும். மாஸ்டர் போன ஊரிலெல்லாம் ஆடுவதற்கு ஓர் ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதாத இரண்டு ஆவணங்கள் ஒத்து வராத வரைக்கும் இரண்டு பெயரை ஓர் ஆளாக்குவதில்லை.

சகோதரியின் வீடு

முதலெழுத்து தகப்பனைக் காட்டினாலும், மட்டக்களப்பில் கடதாசிகள் கிடக்கிற இடம் தாய்வழி வீடு. இங்கே குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், ஆண்பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவான். மாஸ்டர் கலியாணம் முடிக்கவில்லை. ஆகவே அவருடைய பெட்டி அவருடைய சகோதரியின் வீட்டில், அதற்குப் பிறகு சகோதரியின் மகளிடத்தில் இருக்க வேண்டும். தகப்பன் பக்கத்துச் சொந்தங்களை விசாரித்து நான் கழித்த நாட்களை இந்த ஒரு யோசனை மிச்சப்படுத்தியிருக்கும்.

கல்லடியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். சகோதரியின் மகளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஊரே அவவைப் பெத்தா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். மாமாவின் கடிதம், காட் ஏதாவது இருக்கிறதா பெத்தா என்று கேட்டேன்.

"ஒரு பெட்டி நிறைய இருந்த மனே. ரவுண்டப் நேரம் நாங்கதான் எரிச்ச. காட் முழுக்க நம்பர், வேற ஒண்டும் இல்ல. வீட்டுக்குள்ள வந்து இது என்ன நம்பர் எண்டு கேட்டா நாங்க என்ன சொல்ற? குசினி அடுப்பில வச்சி எரிச்ச. மாமா பாத்துக்கிட்டே இருந்தார், ஒண்டும் சொல்லல்ல."

அது என்ன இலக்கம் என்று எனக்குத் தெரியும். தபால் வழி சதுரங்கத்தில் நாட்டுக்கு நாடு மொழி வேறு, காய்களின் பெயரும் வேறு. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இலக்க முறை ஒன்றை வைத்திருந்தார்கள். நெடுக்கு நிரல்களுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 8, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளைப் பக்கமிருந்து 1 முதல் 8. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. தபால் காட்டில் எதிராளியின் கடைசி நகர்வைத் திருப்பி எழுதி, பக்கத்தில் தன் நகர்வை எழுத வேண்டும். சுற்றிவளைப்புக்கு வந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்துகிற நிலைமையில் அந்த வீட்டில் யாரும் இருந்திருக்க முடியாது. எரித்ததற்காக நான் அவவை ஒரு சொல்கூடக் குறை சொல்ல மாட்டேன்.

பெத்தாவிடம் மரணச் சான்றிதழ் இருந்தது. 1994ல் இறந்திருக்கிறார், தொழில் என்ற இடத்தில் ஓய்வுபெற்ற தபால் அதிபர், வயது 60. சரி, அப்படியானால் 1934 சுமாரில் பிறந்திருக்க வேண்டும். குடும்பத்தாரின் கையெழுத்தோடு 1933 முதல் 1935 வரை பிறப்புப் பதிவைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தேன். அப்படியொரு பதிவு இல்லை என்று பதில் வந்தது. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867லிருந்து நடக்கிறது, ஆனால் எந்தப் பதிவும் சொல்லிக்கொடுத்த ஆள் சொன்னதைத்தான் வைத்திருக்கும். செத்த வீட்டில் கேட்கிற வயது உத்தேச வயது.

இரண்டாவது முறை போனபோது பெத்தா வேறொன்றை நினைவுபடுத்தினா. மாமா முக்கியமான கடதாசிகளைக் கொப்பி உறைக்குள் செருகி வைப்பாராம்.

வீட்டுக்கு வந்து, நீராவியில் பசையை இளக்கி, பழுப்பு உறையை மெல்லக் கழற்றினேன். இரண்டு காட் இருந்தன. எரிந்த பெட்டியிலிருந்து தப்பிய இரண்டே இரண்டு. கொப்பி என் நண்பரின் வீட்டில் இரவலாகக் கிடந்ததால் தப்பியவை. கொப்பியின் உண்மையான மட்டையில் அவருடைய முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதியிருந்தன.

அடையாள அட்டை இங்கே 1972லிருந்து வந்தது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். மாஸ்டரின் இலக்கம் 31245 என்று தொடங்குகிறது, மிச்சத்தை விடுகிறேன். 1931ம் வருடத்தின் 245வது நாள். நாட்காட்டியை எண்ணிப் பார்த்தால் செப்டெம்பர் 2. மறுபடி விண்ணப்பித்தேன். பதிவு கிடைத்தது, தகப்பன் பெயரும் தாய் பெயரும் மரணச் சான்றிதழோடு ஒத்துவந்தன. ஆனால் பிறந்த திகதி செப்டெம்பர் 1.

ஒரே ஒரு நாள் வித்தியாசம். ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டவன் என்பதால் அதை அப்படியே விட மனம் வரவில்லை. விசயம் இதுதான்: அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள். 1931 லீப் வருடமில்லை, ஆகவே மார்ச் தொடங்கி எல்லாத் திகதியும் ஒன்று கூடித்தான் வரும். பெப்ரவரிக்கு 29 வைத்து எண்ணினால் ஓகஸ்ட் 31 என்பது 244, செப்டெம்பர் 1 என்பது 245. சரியாக ஒத்துவந்தது. இந்த ஒரு நாளைத் தெரியாததால் சரியான ஆளைக் கைவிட்டவர்களும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பழைய இலக்கத்தை வைத்துச் சொந்தக்காரரைத் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காட்

முதலாவது காட் 1980. முகவரி மட்டக்களப்பு. கொடுக்கல் வாங்கலில் வித்தியாசமாக ஒன்றுமில்லை.

இரண்டாவது செக்கோசிலோவாக்கியா முத்திரையோடு, 1983 ஜூலை தொடக்கத்தில் போட்டது. முகவரி குருநாகலில் ஒரு தபால் கந்தோர் விடுதி. அந்த முகவரியைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் மட்டக்களப்பு என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். மட்டக்களப்பு முத்திரைக் குத்து ஓகஸ்ட் மாதத்தது. அந்த ஜூலையில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. "மறுகா அவர் அங்கால போகவே இல்ல" என்றா பெத்தா. மிச்ச வேலைக்காலத்தை மாற்றம் எடுத்து இங்கேயே முடித்திருக்கிறார். கந்தோரில் அவரோடு வேலை செய்த யாரோ ஒருவர், ஆள் போன பிறகும் அவருடைய காட்டை எறியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தக் கைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

காட்டில் இருப்பது ஒரே வரி: 5. 5171 6766. வெள்ளை ஐந்தாவது நகர்வில் கோட்டை கட்டியிருக்கிறது, கறுப்பு ராஜ பக்கத்து பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருக்கிறது. அதற்கு மேலே எதிராளி சின்ன எழுத்தில் முந்திய நகர்வையும் குறித்திருக்கிறார்: 4. 2536 4736. பிஷப் குதிரையை வெட்டியது, சிப்பாய் அதைத் திருப்பி வெட்டியது. கொப்பியில் 1973லிருந்து மாஸ்டர் ஆடிவந்த அதே வழி, ரெய்க்யவிக் பதினாறாவது ஆட்டம் தொடங்கிய அதே வழி. கொப்பிக்காரரும் தபால் அதிபரும் ஒரே ஆள் என்பதற்குப் பெயர், கையெழுத்து எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு இதுதான் சாட்சி.

1983க்குப் பிந்திய பக்கங்களில் எதிராளிகளின் முதலெழுத்துகள் மாறுகின்றன. எல்லாம் அயல் பொடியன்மார். என் நண்பரின் எழுத்தும் அதில் இருக்கிறது, பதினாறு முறை, பதினாறும் தோல்வி. குறியீடும் இன்றைய முறைக்கு மாறிவிட்டது. ஃபிடே 1981ல் பழைய முறையைக் கைவிட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் புதியதைத்தான் பழக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், ஐம்பது வயதுக்கு மேல் தானும் மாற்றிக்கொண்டார்.

காட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை பெத்தாவிடம் போனேன். ஓரத்தில் பென்சிலால், மாஸ்டரின் கையெழுத்தில், 4244 என்று இருந்தது. அவ விரலை அதில் வைத்து, இது என்ன மனே என்று கேட்டா. ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் ரெண்டு கட்டம் முன்னுக்குப் போகுது பெத்தா, மாமா யோசிச்சு வச்ச அடுத்த நகர்வு என்றேன்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றேன். அவ கொஞ்ச நேரம் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைக் கொப்பி உறைக்குள்ளேயே வைக்கச் சொன்னா.